எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு பித்தப்பை வலியா? சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது, எதில் ஏமாறக்கூடாது

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைப்பது) செய்துகொண்டவர்களுக்கு அறுவைக்கு முன்னால் ஆயிரம் அறிவுரை சொல்கிறார்கள். புரதம் எவ்வளவு, தண்ணீர் எப்போது, நடை எத்தனை நிமிடம். பித்தப்பையைப் பற்றி ஒரு வரி வரும். அது காதில் நிற்காது. எடை மளமளவென்று இறங்கி, பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிற நேரத்தில்தான் வலி வந்து நிற்கும். நான் இந்த வழி முழுக்க அலைந்து, பித்தப்பையை எடுத்துவிட்டு எழுதுகிறேன். மருத்துவம் சொல்ல வரவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். எந்தக் கவுண்டரில் என்ன கேட்பது, எந்தத் தாளைத் தேடி வைப்பது, பணம் எங்கே கரையும் என்பதுதான் இங்கே.

1. வலி எது என்று பாருங்கள்

வேகமாக எடை குறையும்போது உடம்புக் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் நிறைய பித்தநீரில் கலக்கிறது. சாப்பாடும் கொஞ்சமே உள்ளே போவதால் பித்தப்பை சரியாகச் சுருங்கி விரியாமல் பித்தநீர் தேங்குகிறது. இரண்டும் சேர்ந்து கல் ஆகிறது. முதல் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை இது அதிகம். கல் உள்ள எல்லாருக்கும் வலி வருவதில்லை.

வலி வந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வலப்பக்க விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் இறுக்கிப் பிடிக்கும், முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும், அரை மணியிலிருந்து சில மணி நேரம் நீடிக்கும், குமட்டும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் இரவில். பிரியாணி, பரோட்டாவுக்குத் தொட்டுக்கொண்ட ஆட்டுக்கறிக் குழம்பு, நெய் மினுமினுக்கும் இனிப்பு என்று ஏதாவது ஒன்று முன்னால் இருக்கும். எனக்கு முதலில் கிடைத்தது கேஸ்ட்ரிக் மாத்திரைதான். ஒரு கிளினிக்கில் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொடுத்தார்கள். கேஸ்ட்ரிக் மாத்திரைக்கு அடங்காமல், சாப்பாட்டுக்குப் பின் திரும்பத் திரும்ப வருகிற வலி என்றால், "எனக்கு எடைக்குறைப்பு அறுவை ஆகியிருக்கிறது, பித்தப்பையைப் பாருங்கள்" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வலி வந்த தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

2. எப்போது காத்திருக்கக்கூடாது

காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளுப்பது, நிற்காத வாந்தி, சில மணி நேரமாகியும் விடாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலிகிளினிக் (அரசின் வட்டாரக் கிளினிக்) அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போங்கள், நடக்க முடியாவிட்டால் அவசர ஆம்புலன்ஸுக்கு 995. பித்தப்பை வீங்கியிருக்கலாம், கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். அவசரமில்லாத நிலையில் ஆம்புலன்ஸ் மட்டும் வேண்டுமென்றால் 1777. அது தனியார் சேவை, கட்டணம் உண்டு.

பைபாஸ் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பைபாஸில் குடலை மாற்றி இணைக்கும்போது உள்ளே சிறு இடைவெளிகள் உண்டாகும். எடை குறைந்த பிறகு குடல் அதில் புகுந்து சிக்கிக்கொள்ளலாம். அந்த வலியும் சாப்பிட்டபின் மேல்வயிற்றில் வந்து போகும், பித்தப்பை வலி போலவே. அல்ட்ராசவுண்டில் கல் தெரிந்ததும் "கல்தான் காரணம்" என்று முடிவுகட்டிவிடுவது எளிது. உங்களுடையது பைபாஸ் என்றால், "உட்குடலிறக்கமாக இருக்காதா, சிடி ஸ்கேன் தேவையா" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

3. எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறீர்கள்

பில் எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தப் படிதான். ஆற அமரப் படியுங்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாலிகிளினிக் வழியாகப் போய், அங்கிருந்து பொது மருத்துவமனையின் நிபுணத்துவ வெளிநோயாளி கிளினிக்குக்கு ரெஃபரல் வாங்கினால் மானியக் கட்டணம். சாஸ் அட்டை (சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை) உள்ளவர்கள் சாஸ் திட்டத்தில் உள்ள ஜிபி, அதாவது தனியார் குடும்ப டாக்டர், வழியாகவும் மானிய ரெஃபரல் வாங்கலாம். இந்த வழியில் டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நிரந்தரவாசிக்குக் குடிமகனை விடக் குறைந்த மானியம்தான்.

பொறி எங்கே என்றால், "சீக்கிரம் பார்த்துவிடலாம்" என்று நினைத்து, பொது மருத்துவமனைக்கே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துக் குறிப்பிட்ட டாக்டரைக் கேட்டு அப்பாயின்ட்மென்ட் எடுப்பது. இடம் பொது மருத்துவமனைதான், நீங்களோ தனியார் நோயாளி. ஸ்கேன், மறுசந்திப்பு என்று ஒவ்வொன்றும் தனியார் கட்டணத்தில் போகும். பிறகு மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும், வருமானத்தைப் பார்ப்பார்கள், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "இது மானிய ரெஃபரலா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவு வழியாக வார்டில் சேர்ந்தால் பி2 அல்லது சி வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் மானியம் உண்டு. வலியில் துடிக்கும்போது தாளை நீட்டி "எந்த வகுப்பு?" என்பார்கள். கூட வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எடைக்குறைப்பு அறுவையை எந்தப் பொது மருத்துவமனையில் செய்தீர்களோ, அங்கே மறுசந்திப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அந்தக் குழுவின் தாதிக்கு அழையுங்கள். புது ரெஃபரல் தேவைப்படாமலே போகலாம். அவர்களுக்கு உங்கள் வயிற்றின் வரைபடம் ஏற்கெனவே தெரியும், அதுதான் பெரிய லாபம்.

வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அரசு மானியம் இல்லை. ஆனால் முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. வார்டு சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் செல்லும். முன்பு 15,000தான். தங்குவிடுதியில் இருப்பவர்கள் முதலில் தங்கள் அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தின் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு முதலாளி காப்புறுதி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனி கொடுத்திருக்கும் திட்டம்தான். அதன் கையேட்டை இன்றே எடுத்துப் படியுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அடையாள அட்டை அல்லது பாஸ், ரெஃபரல் கடிதம், காப்புறுதி விவரம், மருந்துப் பட்டியல். இவை எல்லாருக்கும் தெரியும். பலரிடம் இல்லாதது பழைய எடைக்குறைப்பு அறுவையின் குறிப்பு.

நம் ஆட்களில் பலர் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் செய்துகொண்டு வந்திருப்பார்கள். இங்கே ஹெல்த்ஹப்பில் (நம் மருத்துவப் பதிவுகள் இருக்கும் அரசு இணையத்தளம்) அதன் தடயமே இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு வேண்டும்: ஸ்லீவா, பைபாஸா, எந்த வகை பைபாஸ், குடலின் எந்தப் பகுதியை எவ்வளவு நீளம் விட்டார்கள், உள் இடைவெளிகளைத் தைத்தார்களா, அப்போது பித்தப்பையில் கல் பார்த்தார்களா. அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு ஸ்கேன் செய்த பிரதியாகக் கேளுங்கள். ஊரில் அண்ணனோ மச்சானோ இருந்தால் நேரில் போகச் சொல்வது இன்னும் வேகம்; அவர் பெயருக்கு நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், கல் பித்தக்குழாயில் விழுந்திருந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்கள். அதற்குப் பெயர் ஈஆர்சிபி. ஸ்லீவ் செய்தவருக்கு அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. பைபாஸ் செய்தவருக்குப் பாதையே மாறிவிட்டதால் சாதாரணக் குழாய் போய்ச் சேர்வது கடினம். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) உதவியோடு அல்லது வேறு வகைக் குழாயால் செய்ய வேண்டிவரும். எல்லா இடத்திலும் அதற்கான ஆள் இருக்கமாட்டார்.

5. ஸ்கேனும் ரத்தமும்

முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நம்மைப் போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள் மதியம் வரை பட்டினி கிடந்தால் தலை சுற்றும். பால் கலந்த தே, கோப்பி எதுவும் கூடாது. பித்தப்பை சுருங்கிவிட்டால் கல் சரியாகத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் அன்றைய மாத்திரையை என்ன செய்வது என்று முன்பே கேளுங்கள்.

ரத்தத்தில் கல்லீரல் செயல்பாடு, கணைய நொதி, தொற்று அறிகுறி பார்ப்பார்கள். பித்தக்குழாயில் கல் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன். வெளிநோயாளி ஸ்கேன்களுக்கு மெடிசேவிலிருந்து (மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்கென்று இருக்கும் உங்கள் சேமிப்பு) ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை எடுக்கலாம். கவுண்டரில் அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காமல் கேளுங்கள்.

6. எடுக்கத்தான் வேண்டுமா?

வலி இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த கல் என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும்தான். வலி வந்துவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், அப்போது எடுக்கச் சொல்வார்கள். கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைக்கச் சொல்லி நானும் கேட்டேன். பை இருந்தால் கல் மறுபடி வரும் என்பதால் முழுப் பையையும் எடுப்பதே வழக்கம்.

இந்த இடத்தில் குடும்ப வாட்ஸ்அப் விழித்துக்கொள்ளும். ஒரு சித்தி வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார். அது சிறுநீரகக் கல்லுக்கு நம் வீடுகளில் சொல்கிற வைத்தியம். பித்தப்பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொருவர் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் கல் பச்சையாக வெளியே வரும் என்று படத்தோடு அனுப்புவார். அது கல் இல்லை. எண்ணெயும் செரிமான நீரும் சேர்ந்து கட்டியான சவர்க்காரம். அவ்வளவு எண்ணெயை ஒரே மடக்கில் விட்டால் பித்தப்பை இறுக்கிச் சுருங்கி, இருக்கிற கல் குழாயில் போய் அடைக்கலாம். அதற்கு முன்னால் குடிக்கச் சொல்லும் லிட்டர் கணக்கு ஆப்பிள் சாறு பைபாஸ்காரர்களுக்குத் தனி வேதனை. சித்தியிடம் "சரிங்க சித்தி" என்று சொல்லிவிட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போங்கள்.

7. பணம்

அறுவைக்குத் தேதி கொடுக்குமுன் நிதி ஆலோசனை என்று ஒரு சந்திப்பு வைப்பார்கள். அதை அவசரமாக முடிக்காதீர்கள். எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் கேட்க வேண்டியவை:

அறுவைக்கான குறியீடு என்ன, அறுவைப் பட்டியலில் எந்த அட்டவணை? 1ஏ முதல் 7சி வரை அட்டவணைகள் உண்டு, மெடிசேவில் எவ்வளவு எடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. 2024 நிலவரப்படி அறுவைக்கு மட்டும் 250 முதல் 7,550 வெள்ளி வரை. வார்டு நாள் கட்டணத்துக்குத் தனி வரம்பு. லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கி, திறந்த அறுவையாக மாறினால் பில் எவ்வளவு ஆகும்? பித்தக்குழாய்ப் படம் எடுப்பதும் திசுப் பரிசோதனையும் இதில் அடங்குமா? பகல்நேர அறுவையா, ஓர் இரவு தங்கலா? காப்புறுதிக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம்.

மானிய வார்டில் மொத்தச் செலவு சில ஆயிரம் வெள்ளிக்குள் நிற்கலாம். தனியார் மருத்துவமனையில் பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் அறுவை வாரியாக, மருத்துவமனை வாரியாக, வகுப்பு வாரியாக வழக்கமான பில் தொகையும் தனியார் டாக்டர் கட்டண அளவுகோலும் இருக்கின்றன. மதிப்பீட்டை அதோடு ஒப்பிடுங்கள். மானிய நோயாளிக்கு ஜிஎஸ்டியை அரசு ஏற்கும். தனியார் நோயாளிக்கும் மானியம் இல்லாத வெளிநாட்டவருக்கும் 9% மேலே ஏறும்.

மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு. முதலில் கழிவுத்தொகையும் (காப்புறுதி கொடுக்கத் தொடங்குமுன் உங்கள் பங்கு) பிறகு இணைக்கட்டணமும் (மீதியில் ஒரு விழுக்காடு) நீங்கள் கட்ட வேண்டும். அவற்றை மெடிசேவிலிருந்து கட்டலாம். உங்கள் மெடிசேவ் போதாவிட்டால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து தரலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு அறுவை என்றால்கூட உங்கள் மெடிசேவைப் பயன்படுத்தலாம். கட்டணம் மட்டும் மானியமில்லாத விலை. கோரிக்கை அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் மருத்துவமனையே மத்திய சேமநிதிக் கழகத்துக்கு அனுப்பிவிடும்.

ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் (மெடிஷீல்டு லைஃபுக்கு மேலே தனியார் நிறுவனத்திடம் எடுப்பது) வைத்திருப்பவர்களே, இதைக் கவனியுங்கள். சில ஒப்பந்தங்களில் உடல் பருமன் சிகிச்சையும் அதன் பின்விளைவுகளும் விலக்கப்பட்டிருக்கும். காப்புறுதி எடுப்பதற்கு முன்பே எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால், முன்பே இருந்த நோய் என்பார்கள். ஆகவே அறுவைக்கு முன்பே முன்-அனுமதி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் "கவர் ஆகும் அண்ணே" என்று சொன்னது செல்லாது. டாக்டர் நிரப்பும் படிவத்தில் நோயின் பெயர், முதல் அறிகுறி வந்த தேதி, உங்கள் எடைக்குறைப்பு அறுவை எல்லாம் உண்மையாகவும் சரியாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மறைத்தால் கோரிக்கையே கவிழும். தனியார் டாக்டர் என்றால் அவர் உங்கள் காப்புறுதியின் குழுவில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ரைடர் (உங்கள் பங்கைக் குறைக்க எடுக்கும் கூடுதல் காப்புறுதி) இருந்தாலும் கைக்காசு கொஞ்சம் போகும். 2018க்குப் பிறகு எடுத்த ரைடர்களில் குறைந்தது 5% நீங்கள் கட்ட வேண்டியதுதான்.

முதலாளி காப்புறுதியில் போகிறவர்கள், மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் தரும்படி மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் வார்டில் சேரும்போதே முன்பணம் கேட்பார்கள்.

எல்லாம் போட்டும் கட்ட முடியாத குடிமக்கள் மருத்துவச் சமூக சேவையாளரிடம் மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி பற்றிக் கேளுங்கள். பில் வந்து நின்றபின் போவதைவிட மதிப்பீடு கையில் வந்ததும் போவது நல்லது.

8. தேதி குறித்த பிறகு

ஓசெம்பிக், வீகோவி போன்ற எடை ஊசி போடுகிறீர்களா? மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, நீரிழிவு மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில் எண்ணெயைக் குறையுங்கள். உணவங்காடியில் மீன் சூப், பொரிக்காத யோங் தாவ் ஃபூ, வெறும் தோசை சாம்பார் என்று சமாளிக்கலாம். பட்டினி கிடக்காதீர்கள், அது கல்லுக்குத்தான் நல்லது. பைபாஸ்காரர்கள் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறாவைத் தொடவேண்டாம், புண் வரும். தேக்காவில் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் சரி.

விடுப்பு: வேலைச் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 60 நாள் மருத்துவமனை விடுப்பு, அதில் 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பும் அடக்கம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எந்த வகை என்று பாருங்கள். மருத்துவமனை விடுப்பு என்று போட்டிருந்தால் சாதாரண விடுப்பு மிஞ்சும்.

9. அறுவையும் அதற்குப் பின்னும்

முழு மயக்கம், பொதுவாக நான்கு சிறு துளை, ஒன்று முதல் இரண்டு மணி நேரம். பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். உள்ளே வீக்கம், தழும்பு அதிகமிருந்தால் திறந்த அறுவையாக மாறலாம், ஒப்புதல் தாளில் அது இருக்கும். பித்தக்குழாய்க்குக் காயம் படுவது அரிது, ஆனால் பெரிய சிக்கல். அதைப் பற்றியும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கடும் வீக்கத்தோடு அவசரத்தில் சேர்ந்தவர்களுக்கு அதே சேர்க்கையிலேயே எடுத்துவிடுவது உண்டு. சிலருக்கு வீக்கம் தணிய சில வாரம் விட்டு எடுப்பார்கள்.

எழுந்ததும் வயிற்றை விடத் தோள் வலிக்கும். உள்ளே ஏற்றிய வாயுவால் வருவது, ஓரிரு நாளில் போகும், நடந்தால் சீக்கிரம் போகும். மேசை வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாம். கனமான பொருள் தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர்கள் "இலகுவான வேலை" என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், வாயால் சொன்னால் மேற்பார்வையாளர் காதில் ஏறாது.

சிலருக்குச் சில வாரம் வயிறு இளகிப் போகும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அடங்கும். அடங்காவிட்டால் அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். அவை எடைக்குறைப்பு அறுவைக்கானவை, பித்தப்பை போனதால் போகாது. காய்ச்சல், கண் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி வந்தால் மறுசந்திப்பு வரை காத்திராமல் அவசரப் பிரிவு. மறுசந்திப்பில் திசுப் பரிசோதனை முடிவைக் கேட்டு, அறுவைக் குறிப்பின் ஒரு பிரதியும் வாங்கிப் பழைய கோப்பில் சேருங்கள்.

10. இன்னும் எடைக்குறைப்பு அறுவையே செய்யாதவர்கள்

முன்கூட்டியே அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்லும் இருந்து வலியும் இருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பில்லும் ஒன்று, விடுப்பும் ஒன்று. கல் இல்லையென்றால் அர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரை பற்றிக் கேளுங்கள். அறுவைக்குப் பின் ஆறு மாதம் சாப்பிட்டால் கல் உண்டாகும் வாய்ப்பு குறையும் என்பது ஆய்வுகளில் உறுதியானது. எல்லா இடத்திலும் தாங்களாகவே எழுதித் தருவதில்லை. தந்தால், எடை நன்றாக இறங்குகிறது, வலியும் இல்லை என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடாமல் ஆறு மாதத்தையும் முடியுங்கள்.